சின்ன போன் கேட்ட அக்கா

"இன்னா தம்பி, வந்துச்சா?"

கடைக்குள்ள கால வைக்கும்போதே இந்தக் கேள்விதான். நல்லாகீறியா, சாப்ட்டியா, ஒரு எழவும் கெடையாது. கண்ணாடிப் பெட்டி மேல வலது கைய மட்டும் வச்சிகினு நிப்பாங்க. இடது கை எப்பவும் முந்தானைக்குள்ளதான். நான் "இன்னும் வர்லக்கா"ன்னா "செரி"ன்னு ஒரே வார்த்தை. வந்த வேகத்துலயே திரும்பிப் போயிடுவாங்க. அடுத்த நாள் மறுபடியும் வருவாங்க.

அக்கா போயி சேந்து ரெண்டு வருஷத்துக்கு மேல ஆவுது. அவங்க கேட்ட போனும் நம்ம ஊருக்கு வரவே இல்ல. வெளிநாட்டுல எங்கியோ வித்தானாம், இங்க ஓடாதுன்னு நிறுத்திட்டானாம். சரக்கு போட வர்ற பையன் போற போக்குல சொல்லிட்டுப் போனான். கேட்டுட்டு நான் பாட்டுக்கு ஒருத்தர் போனுக்கு ஸ்க்ரீன் கார்டு ஒட்டிகினு இருந்தேன். ஒன்னும் தோணல. அந்த அக்கா விஷயத்துல எனக்கு உள்ள ஒரு எடம் மரத்துப் போச்சி, அவ்ளோதான்.

திருமுல்லைவாயில் ஸ்டேஷன்லேர்ந்து உள்ள வர்ற ரோட்டுல என் கடை. புது போன், ரீசார்ஜ், சின்னச் சின்ன ரிப்பேர், எல்லாம் பாப்பேன். இந்தத் தொழில்ல மொதல்ல கத்துக்கறது ஒன்னு கீது. கஸ்டமர் கேட்ட மாடல் இல்லன்னா 'இல்ல'ன்னு வாயத் தொறக்கக் கூடாது. "அத வுடுங்க சார், அதோட தம்பி வந்துக்கீறான், பாத்தீங்களா?"ன்னு டப்பாவப் பிரிச்சி கையில குடுத்துடணும். கையில புடிச்சிட்டான்னா பாதி யாவாரம் முடிஞ்சிது. கேமரா கேமரான்னு வந்தவன பெரிய பேட்டரி போனோட அனுப்பிக்கீறேன். கறுப்பு கலர்தான் வேணும்னு ஒத்தக் கால்ல நின்ன ஐ.டி. பையன் ஒருத்தன் பச்சை எடுத்துகினு போனான், போவும்போது எனக்கு தேங்க்ஸ் வேற. பேசியே ஆள கவுக்கறதுல நான் கில்லாடின்னு எனக்கே ஒரு நெனப்பு. என் வாய்ல கவுறாத ஒரே ஆளு இந்த அக்காதான்.

அவங்க கேட்டது ஒரு சின்ன போன். எல்லா கம்பெனியும் போன பெருசாக்கிகினே போற காலத்துல, உள்ளங்கைல அடங்கற மாதிரி ஒன்னு வரப் போவுதுன்னு ஒரு கம்பெனி சொல்லி வச்சிது. அத யாரோ வீடியோல காட்ட, அக்கா பாத்துட்டாங்க. அன்னிக்கே கடைக்கு வந்துட்டாங்க. கம்பெனிக்காரங்க தீவாளிக்கு வரும்னாங்க. அப்புறம் பொங்கல்னாங்க. அப்புறம் ஏதோ சிப்பு பத்தலன்னாங்க. நானும் சும்மா வுடுவனா? வேற போன் ஒன்னொன்னா எடுத்து அவங்க கையில வச்சேன். ஒத்தக் கைல புடிச்சிகினு, கட்டவெரல நீட்டி நீட்டி, மேல் மூலையத் தொடப் பாப்பாங்க.

"எட்டல."

அடுத்தது.

"எட்டல தம்பி. இன்னா இது, இட்லித் தட்ட கையில குடுக்கற?"

"ரெண்டு கையாலயும் புடிங்கக்கா, தாராளமா எட்டும்."

போன முந்தானையால தொடைச்சி, என் கைரேகை கூட இல்லாம பளிச்சுன்னு திருப்பிக் குடுத்தாங்க. அப்ப எனக்கு அவங்க மேல செம கடுப்பு. ரெண்டு கை வச்சிகினு ஒரு கைய ஒளிச்சி வச்சிகினு, இன்னா ஒரு வீம்புன்னு நெனச்சேன்.

நாப்பத்தஞ்சு வயசு இருக்கும். ஒல்லி. முகம் ஒரு மாதிரி சாம்பல் பூத்த கலர்ல இருக்கும், கண்ணு மட்டும் நல்லா பளபளன்னு. அம்பத்தூர் எஸ்டேட்ல ஒரு எக்ஸ்போர்ட் கம்பெனில செக்கிங்ல இருந்தவங்க. ஒரு வாட்டி சட்டைக்கு பட்டன் கலர் துளியூண்டு மாறி வந்துச்சின்னு ஒரு லாட்டையே திருப்பி அனுப்பிட்டாங்களாம். "யாருக்கும்மா தெரியப் போவுது?"ன்னு சூப்பர்வைசர் தலையில அடிச்சிகினாராம். "எனக்கு தெரிஞ்சிச்சே"ன்னாங்களாம். இத என்கிட்ட சொல்லும்போது அவங்க முகத்துல அப்டி ஒரு பெருமை.

எல்லாத்துலயும் இதே கதைதான். பக்கத்து மளிகையில அவங்க சோப்பு இல்லன்னா வேற சோப்பு வாங்க மாட்டாங்க, வர்ற வரைக்கும் கடலை மாவு தேச்சி குளிப்பாங்க. மாறி மாறி போற பஸ்ஸு ஏற மாட்டாங்க, நேரா போற பஸ்ஸு வர்ற வரைக்கும் மெயின் ரோட்டு ஸ்டாப்புல குந்தினு இருப்பாங்க. எத்தனையோ தடவை என் பைக்குல போவும்போது பாத்துக்கீறேன். திரும்பி வரும்போதும் அதே எடத்துல இருப்பாங்க. "ஆவடி போயி மாறிக்கினா இந்நேரம் போய் சேந்திருக்கலாமேக்கா"ன்னா, "போவலாம்"னு சொல்லிட்டு ரோட்டப் பாப்பாங்க.

ஒரு நாளு, சரி, ரொம்ப நாளா வந்து போறாங்களேன்னு, "டீ சொல்றேன்க்கா, குடிச்சிட்டுப் போங்க"ன்னேன். எதிர்ல டீக்கடைய எட்டிப் பாத்தாங்க.

"கடைக்காரரு இல்லியே. அவரு மச்சான்தான போடறாரு. வேணாம்."

"டீதானக்கா! யார் போட்டா இன்னா?"

"எனக்கு ஒரு நாளைக்கு இவ்ளோதான் தண்ணின்னு அளவு கீது தம்பி. அத இந்தாளு டீல கொட்டுவனா?"

அளவுன்னா இன்னா அளவுன்னு எனக்கு புரியல. கேக்கவும் இல்ல. ஓவரா பண்றாங்கன்னுதான் பட்டுது.

புரிஞ்ச நாளு ஒன்னு வந்துச்சி. அன்னிக்கு அக்கா கடைக்கு வந்தது நடந்து இல்ல, ஓட்டமா வந்தாங்க. மூச்சு வாங்குது. பழைய போன என் கையில தூக்கிப் போட்டாங்க. "செத்துப் போச்சி தம்பி. உசுரு குடு. சீக்கிரம்." சார்ஜ் போட்டேன். வந்துச்சி. நாப்பது பர்சன்ட் காட்டுது, ரெண்டு நிமிஷத்துல பொசுக்குன்னு ஆஃப். பின்பக்கம் கழட்டிப் பாத்தா பேட்டரி பூரி மாதிரி உப்பிக் கீது.

"அக்கா, இது எப்ப வேணாலும் வெடிக்கும். லோக்கல் பேட்டரி கீது, அஞ்சு நிமிஷத்துல போட்டுத் தரேன்."

"ஒரிஜினல்?"

"அந்த கம்பெனியே இந்த மாடல வுட்டு எத்தினி வருஷம் ஆச்சி! ஒரிஜினலுக்கு எங்க போறது?"

"அப்ப வேணாம். நீ இத அப்டியே சார்ஜர் வயர்ல போட்டு வை."

எனக்கு சுருக்குன்னு ஏறிடுச்சி. கடைல வேற ரெண்டு பேரு நிக்கறாங்க. "இன்னாக்கா உங்களோட ஒரே ரோதனையா கீது! போனும் மாத்த மாட்டேன்றீங்க, பேட்டரியும் மாத்த மாட்டேன்றீங்க. பெரிய மகாராணியா நீங்க?"ன்னு கத்திட்டேன்.

அவங்க கோச்சிக்கல. நின்ன ரெண்டு பேரும் போவற வரைக்கும் சும்மா இருந்தாங்க. அப்புறம் முந்தானைய வெலக்கி இடது கைய எடுத்து கண்ணாடி மேல வச்சாங்க. முழங்கையச் சுத்தி நரம்பெல்லாம் கயிறு திரிச்ச மாதிரி பொடச்சிகினு, ஊசி குத்தின தழும்பா கீது.

"தொட்டுப் பாரு"ன்னாங்க.

பயந்துகினே ஒரு வெரல வச்சேன். தோலுக்கு அடியில கிர்ர்ருன்னு ஓடுது. போன வைப்ரேட்டர்ல போட்டு உள்ள வச்சி தெச்ச மாதிரி. நான் சட்டுனு வெரல எடுத்துட்டேன்.

"ஓடுதா?"

"ஓடுதுக்கா."

"ஓடிகினே இருக்கணும். நின்னா நானும் நின்னேன்."

ரெண்டு கிட்னியும் போயி வருஷக் கணக்காச்சாம், தண்ணி கூட அளந்துதான் குடிக்கணுமாம். வாரத்துக்கு மூணு நாள் அம்பத்தூர்ல ஒரு டயாலிசிஸ் சென்டர்ல மெஷின்ல படுக்கணும். அதுக்குத்தான் இந்தக் கைல ரெண்டு ரத்தக் குழாய ஒன்னா சேத்து வச்சிக்கீறாங்க. இதால எடை தூக்கக் கூடாது, வளையல் போடக் கூடாது, அழுத்திப் புடிக்கக் கூடாது. மெஷின்ல கெடக்கும்போது இந்தக் கைய ஆட்டவே கூடாது. வலது கை ஒன்னுதான். "மோட்டுவளையயே பாத்துகினு எவ்ளோ நேரம் கெடக்கறது? எதனா பாக்கலாம்னு போன எடுத்தா, பெரிய போனெல்லாம் நழுவி மூஞ்சி மேல வுழுது தம்பி"ன்னு சிரிச்சாங்க. எனக்கு சிரிப்பு வர்ல. இட்லித் தட்டுன்னு அவங்க சொன்னது அப்பதான் ஒறைச்சிது.

"அதில்ல, இந்தப் போன் ஆஃப் ஆவக் கூடாது. அதான் ஓடி வந்தேன்"னாங்க.

கிட்னிக்கு பேர் எழுதி வச்சிக்கீறாங்க. எங்கியாவது யாராவது மூளைச்சாவுல போயி, அவங்க ஊட்ல ஒத்துக்கினா, டவுன்ல கீற ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்டுவாங்களாம். கூப்ட்டா உடனே எடுக்கணும். எடுக்கலன்னா வரிசைல அடுத்த ஆளுக்குப் போயிடும். வூட்டுக்காரரு நம்பரும் குடுத்துக்கீறாங்க. ஆனா அவரு ஆவடியில ராணுவத்துக்கு சாமான் பண்ற பாக்டரில கான்ட்ராக்ட் வேலை. வாசலத் தாண்டி போன் எடுத்துகினு போவக் கூடாது. வெளியவே பூட்டி வச்சிட்டு உள்ள போனா, ஷிப்டு முடிஞ்சி வரும்போதுதான் கையில போன். அப்ப மிச்ச நேரத்துக்கு இந்த உப்பிப் போன பேட்டரிதான் அவங்களுக்கும் அந்த ஆஸ்பத்திரிக்கும் நடுவுல.

ஷெல்ப்லேர்ந்து ஒரு பட்டன் போன் எடுத்தேன். "அக்கா, இத சும்மா வச்சிக்கோங்க. கைல அடங்கும். ஒரு வாரம் சார்ஜ் நிக்கும். அந்தச் சின்ன போன் வர்ற வரைக்கும் மட்டும்."

தலையாட்டிட்டாங்க. வேணாம்.

"ஏன்க்கா? ஏன்?"

"வர்ற வரைக்கும், வர்ற வரைக்கும்னு சொல்லித்தான தம்பி எல்லாரும் எதையாவது கையில திணிக்கறீங்க. கிட்னிக்கு பதிலா மெஷினு. அத ஒத்துகினேன். வேற வழியில்ல, ஒத்துகினேன். ஆஸ்பத்திரில நானே பதில் ஆளு, தெரியுமா உனக்கு?"

அப்பதான் அத சொன்னாங்க. ஒரு கிட்னி வந்துச்சின்னா ரெண்டு பேர கூப்டுவாங்களாம். மொத ஆளுக்குத்தான் கிட்னி. அவருக்கு டெஸ்ட்டுல எதனா சரியில்லன்னா மட்டும் ரெண்டாவது ஆளுக்கு. அக்காவ ரெண்டு வாட்டி கூப்ட்டுக்கீறாங்க. ரெண்டு வாட்டியும் ரெண்டாவது ஆளு. மொத வாட்டி காலி வயித்தோட போயி பெஞ்சில குந்திட்டு திரும்பிட்டாங்க. அடுத்த வாட்டி பச்சை கவுன் போட்டு, தலைய ரெண்டு சடையாப் பின்னி, கதவு வரைக்கும் தள்ளிகினு போயிட்டாங்களாம். அப்புறம் ஒரு நர்ஸ் வந்து, "நீங்க போலாம்மா, அவருக்கு எல்லாம் ஓகே"ன்னு சொல்லிட்டாங்க.

"அந்தாளு பொண்டாட்டி வெளிய நின்னா. என் கையப் புடிச்சிகினு, அடுத்த வாட்டி உங்களுக்குதான்க்கான்னு சொல்றா. நல்ல பொண்ணுதான். எனக்கு அவள அறையணும் போல இருந்துச்சி. அந்த ரெட்டச் சடையோட பஸ்ல வந்தேன் தம்பி. பள்ளிக்கூடத்துப் புள்ள மாதிரி. அன்னிக்கு முடிவு பண்ணேன், இனிமே ரெண்டாவதுன்னு கூப்ட்டா போறதில்ல. போனாவது நான் கேட்டதுதான் வேணும். இது ஒன்னாவது."

போன வயர்லயே போட்டு வச்சேன். போவும்போது, "உன் கடை நம்பர ஆஸ்பத்திரில குடுத்துடறேன். நீ நாள் பூரா இங்கதான கீற"ன்னாங்க. கேக்கல, சொன்னாங்க. எனக்கு ஒரு பக்கம் பெருமை, ஒரு பக்கம் பயம்.

அன்னிலேர்ந்து தெரியாத நம்பர் வந்தா எனக்கு திக்குனு இருக்கும். லோன் வேணுமா சார்ன்னு கூப்டறவன்கிட்ட கூட மரியாதையாப் பேச ஆரம்பிச்சேன்.

அந்த சமயத்துல அக்கா மாங்காட்டு அம்மனுக்கு ஆறு வாரம் வேண்டிகினு இருந்தாங்க. ஆறு வெள்ளிக்கிழமை விடாம எலுமிச்சம்பழம் வச்சி கும்புடணும். எதுக்குன்னு கேக்கத் தேவையில்ல. மொத தடவை நாலாவது வாரம் டயாலிசிஸ் நாள மாத்திப் போட்டுட்டாங்க, போவ முடியல. உங்களுக்கு பதிலா வூட்டுக்காரர அனுப்புங்க, இல்லன்னா கடைசில ஒரு வாரம் சேத்துக்கோங்கன்னு தெருவுல எல்லாரும் சொன்னாங்க. கேப்பாங்களா? மறுபடி ஒன்னாவது வாரத்துலேர்ந்து ஆரம்பிச்சாங்க. "சாமிகிட்டயுமா?"ன்னு நான் கிண்டல் பண்ணேன். "சாமிகிட்டதான்"ன்னாங்க.

ஆறாவது வெள்ளிக்கிழமை. அப்பதான் கடை ஷட்டரத் தூக்கிக்கீறேன். லேண்ட்லைன் மாதிரி ஒரு நம்பர். ஒரு பொம்பளப் புள்ள பேசுது.

"சார், இவங்க நம்பர் சுவிட்ச் ஆஃப்னு வருது. நீங்க யாரு அவங்களுக்கு?"

அக்கா பேர சொல்லுது. "தம்பி"ன்னேன்.

"கிட்னி ஒன்னு வந்திருக்கு. இவங்க செகண்ட். எதுவும் சாப்பிடாம உடனே கிளம்பி வரச் சொல்லுங்க. அரை மணி நேரத்துல எனக்கு பதில் சொல்லிடுங்க சார்."

செகண்ட்னா அக்கா வர மாட்டாங்கன்னு எனக்குத் தெரியும். இருந்தாலும் அந்தப் பட்டன் போன பாக்கெட்ல போட்டுகினு பைக்க எடுத்தேன். ஊட்டுக்குப் போவல. நேரா மெயின் ரோடு ஸ்டாப்புக்குத்தான் போனேன். அங்கதான் இருந்தாங்க. வேற ரூட்டு பஸ்ஸு ரெண்டு மூணு போயிருக்கும், அக்கா நேரா மாங்காடு போற பஸ்ஸுக்காக மடியில வயர் கூடையோட குந்தினு இருந்தாங்க. எனக்கு எவ்ளோ சந்தோஷம் தெரியுமா? இந்த வீம்பு பொம்பள வேற பஸ்ல ஏறிப் போவாம இருந்ததுக்கு அந்த அம்மனுக்கே நன்றி சொன்னேன்.

"அக்கா! ஆஸ்பத்திரிலேர்ந்து கூப்ட்டாங்க. கிட்னி வந்துக்கீதாம்!"

எழுந்து நின்னுட்டாங்க. முகத்துல ஒரு வெளிச்சம் வந்துச்சி பாருங்க, நான் அவ்ளோ நாள்ல அத பாத்ததே இல்ல. அடுத்த செகண்டு கேட்டாங்க.

"மொத ஆளா, ரெண்டாவதா?"

பொய் சொல்லியிருக்கலாம். வாய் வரைக்கும் வந்துச்சி. அவங்க கண்ணப் பாத்துகினு முடியல.

"ரெண்டாவதுக்கா."

மறுபடி குந்திட்டாங்க.

"அக்கா, ப்ளீஸ். நான் பைக்குல கூட்டிகினு போறேன். யாருக்கு இன்னா ஆவும்னு யாருக்குத் தெரியும்? வாங்கக்கா."

"ஆறாவது வாரம் தம்பி."

"ஆறாவது வாரம் எதுக்கு? இதுக்குத்தான?"

"இதுக்குத்தான். மொத ஆளா கூப்டணும்னு. இப்ப இத வுட்டுட்டு அங்க போயி பெஞ்சில குந்துவேன். அவருக்கு ஓகேம்பாங்க. திரும்பி வரணும். திரும்ப ஒன்னாவது வாரத்துலேர்ந்து ஆரம்பிக்கணும். சடை பின்னிகினு வர்றதுக்கு என் உடம்புல தெம்பு இல்ல."

"பைத்தியமாக்கா உங்களுக்கு?"ன்னு ரோட்டுல நின்னு கத்தினேன். ஸ்டாப்புல நின்னவங்கெல்லாம் பாத்தாங்க. அவங்க ரோட்டப் பாத்துகினே இருந்தாங்க. "அவங்களுக்கு வர்லன்னு சொல்லிடு"ன்னாங்க. அவங்க பஸ்ஸு வந்துச்சி. நான் பட்டன் போன எடுத்து நீட்டினேன். "உங்க போன் ஆஃப் ஆயி கீது. சிம்ம இதுல போட்டுத் தரேன், இதையாவது எடுத்துகினு போங்க."

"வர்லன்னு சொல்லப் போறியே தம்பி. அப்புறம் யாரு என்ன கூப்டப் போறா?"

ஒத்தக் கையால கம்பியப் புடிச்சி ஏறினாங்க. கூடைய நான்தான் தூக்கிக் குடுத்தேன்.

கடைக்கு வந்து அந்தப் புள்ளைக்கு போன் போட்டு சொன்னேன். "கன்பர்மா சார்? வரலன்னு போட்டுக்கவா?"ன்னு ரெண்டு வாட்டி கேட்டுச்சி. போட்டுக்கோம்மான்னேன்.

கொஞ்ச நேரம் ஆயிருக்கும். ஒருத்தருக்கு சிம் மாத்திகினு இருந்தேன். அதே நம்பர்.

"சார், அவங்க எங்க இருக்காங்க? மொத பேஷண்டுக்கு நெஞ்சுல சளி, காய்ச்சல். டாக்டர் வேணாம்னுட்டாரு. இப்ப இவங்கதான் ஃபர்ஸ்ட். வர முடியுமா? டயம் ரொம்ப இல்ல சார். அடுத்தவருக்கும் சொல்லி வச்சிருக்கோம்."

வருவாங்க, வருவாங்கன்னு கத்தினேன். அக்கா நம்பருக்குப் போட்டேன். சுவிட்ச் ஆஃப். போட்டேன், போட்டேன். சுவிட்ச் ஆஃப். வூட்டுக்காரரு போன் அடிச்சிகினே இருக்குது, பாக்டரி வாசல்ல பூட்டின பெட்டிக்குள்ள. கஸ்டமர வெளிய தள்ளி ஷட்டர இழுத்துட்டு பைக்க எடுத்தேன். ஆவடி, பூந்தமல்லி, குமணன்சாவடி, எப்டி போனேன்னு தெரியல. எத்தினி பேரு திட்டினாங்கன்னும் தெரியல.

மாங்காட்டுல வெள்ளிக்கிழமை கூட்டம் எப்டி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். எல்லா பொம்பளைங்க கையிலயும் எலுமிச்சம்பழம். "அக்கா"ன்னு கூப்ட்டா பத்து பேரு திரும்பறாங்க, எங்க அக்கா இல்ல. வரிசைல முன்னால ஓடினேன், பின்னால ஓடினேன். ஆபீஸ்ல போயி கையக் கூப்பினேன். பாவம், ஒடனே மைக்குல சொன்னாங்க. அக்கா பேரு, திருமுல்லைவாயில், உடனே ஆபீஸுக்கு வரவும். மூணு வாட்டி சொன்னாங்க. கோயில் பூரா கேட்டுச்சி. நான் ஆபீஸ் வாசல்லயே நின்னேன். யாரும் வர்ல.

நிக்கும்போதே போன் அடிச்சிது. "சார், அடுத்தவர உள்ள எடுத்தாச்சு"ன்னு சொல்லிச்சி அந்தப் புள்ள. சரிம்மான்னேன். எனக்கு அழுகை வர்ல, கோவம் வர்ல. ஒரு பொம்பள குறுக்க வந்து, "தம்பி, கொஞ்சம் வழி வுடு"ன்னாங்க. வுட்டேன்.

மறுநாள் கடைக்கு வந்தாங்க. கையில குங்குமப் பொட்டலம், ஒரு எலுமிச்சம்பழம். "ஆறு வாரம் முடிச்சிட்டேன்"ன்னு என் கல்லா மேல வச்சாங்க. அப்டி ஒரு நிம்மதி அவங்க முகத்துல. நேத்திக்கு ராத்திரி பூரா இத எப்டி சொல்றதுன்னு பொரண்டு படுத்தவன் நான்.

"அந்த மொத ஆளுக்கே போயிருச்சா தம்பி?"

அந்தப் பழத்த எடுத்து கல்லாவுக்குள்ள வச்சேன்.

"ஆமாக்கா. அவருக்கேதான். எல்லாம் ஓகேயாம்."

"பாத்தியா! நான்தான் சொன்னேனே. போயிருந்தா ஆறாவது வாரமும் போயிருக்கும், அதுவும் போயிருக்கும்." கண்ணாடி மேல சாஞ்சிகினு சிரிச்சாங்க. "நேத்து கோயில்ல ஒரு கூத்து கேளு. மைக்குல யாரையோ கூப்டறாங்க, என் பேரு. நம்ம ஊரு பேரு வேற. எனக்கு திக்குனு ஆயிடுச்சி. அப்புறம் நெனச்சேன், நம்ம ஊர்ல இந்தப் பேருல எத்தினி பேரு கீறாங்க. என்ன யாரு தேடி வரப் போறா? கையில பழத்த வச்சிகினு வரிசைல முன்னால நிக்கறேன், இன்னும் நாலு பேருதான். நவுருவனா நானு?"

"செரிதான்க்கா"ன்னேன்.